மூன்றாவது உருண்டை

கொளஞ்சிக்கு ராசியில்லை என்று மரக்காணம் உப்பளத்தில் முதலில் சொன்னவர் தெய்வசிகாமணி. சொன்னதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எஞ்சின் வாடகை கேட்க வந்தவன், டீ குடிக்க வந்தவன், பாண்டிச்சேரி பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தார்.

"அந்தப் பொம்பள கை பட்டா ஓடுற எஞ்சினும் நின்னுடும்பா. நானே என் கண்ணால பாத்துட்டேன்."

பார்த்தது என்னவோ உண்மைதான். ஆயில் எஞ்சின் அவருடையது. அதை வருஷாவருஷம் இரண்டு பேருக்கு வாடகைக்கு விடுவார். ஒன்று கொளஞ்சியும் அவள் புருஷன் சடையப்பனும் பார்க்கிற பாத்திகள். இன்னொன்று வரப்புக்கு அந்தப் பக்கம் கூனிமேட்டுக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் பாத்திகள். மழை ஓய்ந்து, பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, ஓடையிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்து நிரப்பினால்தான் வெயில் தன் வேலையை ஆரம்பிக்கும். எஞ்சின் ஒன்று, கேட்கிறவர் இரண்டு பேர். முதலில் யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஐந்து தடவை சீட்டுப் போட்டார்கள். ஐந்து தடவையும் கூனிமேட்டுக்காரர்களுக்கே விழுந்தது. கொளஞ்சியும் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷம் இடது கையால் எடுத்தாள். ஒரு வருஷம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எடுத்தாள். ஒரு வருஷம் புருஷனை எடுக்கச் சொன்னாள், அவன் எடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. போன வருஷம் சுனாமிச் சேற்றை வாரவே நேரம் சரியாகிவிட்டதால் சீட்டே போடவில்லை. அந்த ஒரு வருஷம்தான் அவள் தோற்காத வருஷம்.

இரண்டாவதாக எஞ்சின் வருவது என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் இருபது நாள் ராப்பகலாக ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு வரும். வந்த மூன்றாம் நாள் பெல்ட் அறுந்துபோகும், ஐந்தாம் நாள் டீசல் பீய்ச்சுகிற நாஸில் அடைத்துக்கொள்ளும், ஏழாம் நாள் என்ன ஆயிற்று என்று தெய்வசிகாமணிக்கே தெரியாது. ஊரார் உப்பு வாரி அம்பாரம் போட்ட பிறகு கொளஞ்சியின் பாத்தியில் அப்போதுதான் தண்ணீர் தளும்பும். இதற்குப் பெயர் ராசியில்லாமையாம். இருபது நாள் ஓடிய மாட்டை இருபத்தோராம் நாள் ஏரில் பூட்டினால் அதுவும்தான் படுத்துக்கொள்ளும் என்று கொளஞ்சி சொல்லிப் பார்த்தாள், யார் காதிலும் ஏறவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மாசி பிறந்தும் பாத்தி காயவில்லை, அவ்வளவு மழை. இந்த வருஷம் சீசனே பாதிதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் தண்ணீர் விடுகிறவனுக்கு உப்பு, அடுத்தவனுக்குக் கோடை மழை என்று நிலைமை. தெய்வசிகாமணி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சீட்டை மடித்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்.

"எடும்மா கொளஞ்சி."

"எனக்குச் சீட்டு வேணாம்ண்ணே," என்றாள் கொளஞ்சி.

"இன்னாம்மா பேசுற? சீட்டு வேணாம்னா எப்டி முடிவு பண்றது?"

"கையில இருக்கிற வேலையில பாத்துக்குவோம். பாத்தி மிதிக்கிறதோ, உப்பு வார்றதோ, எது வேணா வைங்க. நான் தோத்துட்டா வாயத் தொறக்க மாட்டேன். இந்தக் காகிதத்துக்கிட்ட தோக்குறதுக்கு மட்டும் எனக்கு இனிமே இஷ்டம் இல்ல."

எதிர் பெஞ்சில் இருந்த நிஜாமுதீன் சிரித்துவிட்டான். கூனிமேட்டுப் பாத்திகளை இந்த வருஷத்திலிருந்து அவன்தான் பார்க்கிறான். இருபத்தெட்டு வயசு. ஷார்ஜாவில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் ஏழு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, பாத்தியைப் பார்த்துவந்த மாமுவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தவன். உப்பளத்துக்கே சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வருகிற ஆள். வந்ததும் முதல் வேலையாக டெலஸ்கோப் வைத்த ஏர்கன் ஒன்றை வாங்கி, கடற்கரையில் காலி டப்பாக்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உப்பு வார்ற போட்டியெல்லாம் வச்சா என்னால ஆவாது. குறி பாத்து அடிக்கிற போட்டின்னா சொல்லுங்க, நான் ரெடி," என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

"எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள் கொளஞ்சி.

 சடையப்பன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பாவம் இந்தப் பையன் என்பது போல நிஜாமுதீனைப் பார்த்தான்.

காரணம் இருக்கிறது. கொளஞ்சி வானூர்ப் பக்கத்துக் கம்பங்கொல்லையில் வளர்ந்தவள். பத்து வயசிலிருந்து பரண் மேல் நின்று கவண் சுற்றியவள். கவண் என்றால் நடுவில் கல் வைக்கிற வார், இரண்டு பக்கமும் கயிறு. சுற்றிச் சுற்றி ஒரு கயிற்றை விட்டால் கல் போய்ச் சேருகிற இடத்தில் கிளி இருக்காது. கல்யாணமான புதுசில் வாசலில் காய்ந்த கருவாட்டைத் தூக்கிய காக்காயைத் தெருமுனையில் வைத்து அடித்தாள். அன்றிலிருந்து சடையப்பன் வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"எம்பது தப்படி," என்றான் நிஜாமுதீன், கொஞ்சம் யோசித்து.

"ஆச்சு. நீ உன் துப்பாக்கியக் கொண்டா. நான் என் கவண எடுத்துட்டு வர்றேன்."

அப்புறம் ஒரு வாரம் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. குறி என்பது திறமையா, அதிர்ஷ்டமா? நிஜாமுதீன் ஷார்ஜா அரபிகளைச் சாட்சிக்கு இழுத்தான். முந்நூறு மீட்டருக்கு அப்பால் தட்டில் ஒரே ஓட்டையில் மூன்று குண்டு போட்டவனைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னான். "நூத்துக்குத் தொண்ணூறு ஸ்கில்லு, பத்துதான் லக்கு." தெய்வசிகாமணி விடவில்லை. "அதெல்லாம் கிட்டக்க இருந்தா. தூரம் ஆவ ஆவ ராசிதாம்பா. குண்டு கைய விட்டுப் போயிடுச்சுன்னா அப்புறம் அது உன் பேச்சக் கேக்குமா?" இதைக் கேட்டுக்கொண்டே போன கொளஞ்சி நின்று, "விடுற வரைக்கும் என் கைதானே அண்ணே?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டிக்கு விதிகளும் வந்தன. மூங்கில் ஒன்றை நட்டு, அதன் தலையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் தண்ணீர் நிறைந்த மண் கலயம் ஒன்றை வைக்க வேண்டும். ஆளுக்கு மூன்று அடி, மாறி மாறி. ஒவ்வொரு அடிக்கும் புதுக் கலயம். நிஜாமுதீன் ஒரு சந்தேகம் கிளப்பினான். கொளஞ்சியின் கல் பட்டால் கலயம் தூள் தூளாகும், அவன் ஈயக்குண்டு பட்டால் பொத்தல்தான் விழும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றான். நியாயமான பேச்சு. தெய்வசிகாமணி தீர்ப்புச் சொன்னார்: "ஒடையுதோ, ஓட்டை விழுதோ, அது எனக்கு வேணாம். கலயத்துத் தண்ணி கீழ வந்துட்டா கணக்கு." இருவரும் தலையாட்டினார்கள்.

கொளஞ்சி நைலான் வலைநூலை முறுக்கிப் புதுக் கவண் ஒன்று பின்னினாள். கல்லுக்குத்தான் கஷ்டம் வந்தது. உப்பளத்தில் எங்கே போய்க் கல்லைத் தேடுவது? எங்கு தோண்டினாலும் களிமண். ரோட்டோரத்து ஜல்லியை எடுத்து அடித்துப் பார்த்தாள், மூலையும் முனையுமாக இருந்ததால் அது ஒரு பக்கம் போனது, குறி ஒரு பக்கம் போனது. கடைசியில் பாத்திக் களிமண்ணையே பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருண்டை பிடித்து வெயிலில் போட்டாள். மூன்று நாளில் கல்லாக இறுகியது. பத்து எறிந்தால் எட்டு கலயத்தைத் தொட்டது.

"அடுப்புல போட்டு ஒரு தடவ சுட்டுடலாமே?" என்றான் சடையப்பன்.

"எதுக்கு? தரையில தட்டிப் பாரு, கிண்ணுனு கேக்குது. வெறகுக்கு வேற வேல இல்லியா?"

 போட்டிக்கான உருண்டைகளை அவள் கூடையில் அடுக்கிக் கூரைமேல் வைத்தாள். மாசிப் பனி என்று ஒன்று இருப்பதும், கடற்காற்றுப் பட்டால் உப்பு வியர்க்கும் என்பதும், பாத்தி மண்ணில் பாதி உப்புத்தான் என்பதும் அந்தக் கூடையை மேலே ஏற்றும்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மழைக்காலத்தில் உப்பு மூட்டைக்குத் தார்ப்பாய் போர்த்தச் சொல்லிப் புருஷனைத் திட்டுகிறவள் அவள்தான்.

நேரத்துக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. காற்று கிளம்புவதற்குள் காலை ஏழு மணிக்கு வைக்கச் சொன்னான் நிஜாமுதீன். அவன் குண்டு உளுந்து அளவு, காற்று அதை ஊதித் தள்ளிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்கச் சொன்னாள் கொளஞ்சி. காரணம் அதேதான். தெய்வசிகாமணி நடுவே பத்தரை மணி என்றார். தரைக்காற்று படுத்து, கடற்காற்று எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம் அது. இரண்டு பேருக்கும் சமமாகத் தொந்தரவு.

அன்றைக்கு வேலைக்கு வந்த பெண்கள் யாரும் பாத்தியில் இறங்கவில்லை. வரப்பில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். நிஜாமுதீனின் அம்மா ஹமீதா கூனிமேட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகனுடைய வெள்ளைச் சட்டை உப்பு மண்ணில் பாழாகிவிடக் கூடாது என்று தங்கள் மளிகைக் கடையிலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்து, தன் கையாலேயே வரப்பில் விரித்தாள்.

"நான் ரெண்டு பேருக்கும் துஆ கேட்டுட்டேன் கொளஞ்சி," என்றாள்.

"ரெண்டு பேருக்கும் கேட்டா எப்டிம்மா? யாருன்னு கரெக்ட்டா சொல்ல வேணாமா?" என்று கொளஞ்சி கேட்க, வரப்பே சிரித்தது.

நிஜாமுதீன் சாக்கில் குப்புறப் படுத்தான். விரலை நாக்கில் நனைத்துக் காற்றைப் பார்த்தான். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ படித்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்து டெலஸ்கோப்பில் கண்ணை ஒட்டினான். உப்பளத்து வெயிலில் தரையிலிருந்து கானல் எழும்பிக் கலயம் ஆடுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அவனுக்கு அந்தக் கண்ணாடியில் எப்படி ஆடியதோ. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கையில், யாரும் எதிர்பாராத நேரத்தில் டப்பென்று வெடித்தது.

தூரத்துக் கலயத்தில் ஒரு பொத்தல், அதிலிருந்து நூல்போலத் தண்ணீர். கூனிமேட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். கொளஞ்சி அவன் முகத்தைப் பார்த்தாள். சுட்டது வேறு யாரோ என்பது போல அவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பிறகு முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டு, எழுந்து எல்லோருக்கும் கையாட்டினான்.

கொளஞ்சி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கூடையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கவணில் வைத்து, தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் உருண்டை அவள் தலைக்கு மேலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. பாதி மண் தெய்வசிகாமணியின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"கை பட்டாலே போதும்னு சொன்னேன் இல்ல?" என்று சட்டையை உதறினார் அவர். சிரிப்புச் சத்தம் ஓடைக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

கொளஞ்சி குனிந்து இன்னோர் உருண்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. பனியும் உப்பும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக உருண்டைகளெல்லாம் வியர்த்துப் போயிருந்தன.  கொளஞ்சி சடையப்பனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். 'அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனையாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது.

நிஜாமுதீன் இரண்டாவது தடவை வெகுநேரம் எடுத்துக்கொண்டான். இந்த முறை சாக்கைத் தள்ளிப் போட்டுவிட்டு வெறும் மண்ணிலேயே படுத்தான். "சட்டை, சட்டை!" என்று ஹமீதா கத்தினாள். அவன் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தான், காற்றைப் பார்த்தான், அளந்து அளந்து சுட்டான். கலயத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பின்வரப்பில் புழுதி கிளம்பியது. "ச்சே!" என்று தரையில் குத்தினான்.

கொளஞ்சி அதற்குள் கூடையில் இருந்ததை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து முடித்திருந்தாள். அடியில் கிடந்த ஒன்று மட்டும் கொஞ்சம் தேவலை. அது ஈரம் குடித்துக் கனத்திருந்தது, வழக்கமான வேகத்தில் சுற்றினால் முன்னதைப் போலவே தூளாகும். அதனால் ஒரே சுற்றுத்தான் சுற்ற வேண்டும், மெதுவாக விட வேண்டும், மெதுவாகப் போவது சீக்கிரம் தாழ்ந்துவிடும் என்பதால் கலயத்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் விட்டுக் குறி வைக்க வேண்டும். இதையெல்லாம் அவள் எந்த நோட்டிலும் படிக்கவில்லை. மழையில் நனைந்த கல், வெயிலில் காய்ந்த கல் என்று பத்து வருஷம் பரண்மேல் அவள் கை படித்துவைத்தது. கன்னத்தில் காற்று படுகிறதா என்று ஒரு கணம் நின்றாள். ஒரு சுற்று, விட்டாள்.

உருண்டை சோம்பலாக மேலே ஏறியது. எங்கே போகிறது அது என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சிக்குப் போய், இறங்கி, கலயத்தின் வயிற்றில் போய் இடித்தது. ஓட்டுச் சில்லும் தண்ணீருமாகச் சிதறியதைப் பார்த்து உப்பு வாரும் பெண்கள் குலவையிட்டார்கள். கொளஞ்சிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி ஒன்றை அடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

நிஜாமுதீனின் மூன்றாவது குண்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடற்காற்று எழுந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்று. கொளஞ்சியின் கையில் கடைசி அடி. அது பட்டால் எஞ்சின் அவளுக்கு. படாவிட்டால் என்ன செய்வதென்று யாரும் பேசி வைக்கவில்லை. தெய்வசிகாமணியின் சட்டைப்பையில் மடித்த சீட்டு இரண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். கூடையில் மிச்சமிருந்ததெல்லாம் கொழுக்கட்டை மாவு பதத்தில்தான் இருந்தது. இருப்பதில் ஒன்றை எடுத்தாள். போனமுறை போலவே ஒரே சுற்று, மேலே ஓர் ஆள் உயரம், காற்றுக்காக ஒரு முழம் தள்ளி. எல்லாம் சரியாகத்தான் செய்தாள். விடுகிற நேரத்தில் கவண் கையில் திடுமென்று லேசானது.

உருண்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பாதி கடல் பக்கம் போனது. இன்னொரு பாதி தாழ்வாக, குறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு போய் மூங்கிலின் இடுப்பில் 'டொக்' என்று மோதியது. மூங்கில் சிலிர்த்தது. சும்மாடு நழுவியது. கலயம் அவசரமே இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுக் கீழே விழுந்தது.

"அடி ஆத்தே! கலயத்த விட்டுட்டு மூங்கிலயே அடிச்சா பாரு!"

"என்னா குறி! என்னா குறி!"

யாரோ அவளைத் தூக்கப் பார்த்தார்கள். "தண்ணி கீழ வந்துடுச்சு! எஞ்சின் கொளஞ்சிக்கு!" என்று தெய்வசிகாமணி கையை உயர்த்தினார். சடையப்பன் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியாதபடி இருந்தான்.

சும்மா இருந்திருக்கலாம். அவள் வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கொளஞ்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் கெஞ்சியபோது எட்டிப் பார்க்காத அதிர்ஷ்டம், வேண்டாம் போ என்று சொன்ன நாளில் வந்து நடுவரப்பில் நிற்கிறது. கைத்திறமையில் பார்த்துக்கொள்வோம் என்று அவள் வாயால்தானே சொன்னாள்?

"நிறுத்துங்க!" என்றாள். "இது நான் அடிச்சது இல்ல. கலயத்துக்குத்தான் குறி வச்சேன். உருண்ட ரெண்டா பூடுச்சு. அது போன போக்குல போய்ப் பட்டிருக்குது."

"ஏய், சும்மா இரேன்டி," என்று சடையப்பன் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினான்.

"நீ இருய்யா. பொய்ப் பேர எடுத்துக்கினு போயி நான் தண்ணி எறைக்கணுமா?" கவண் வாரில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டினாள். "இன்னாண்ணே பாக்குறீங்க? நீங்களே சொல்லுங்க."

தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா இது, ஜெயிச்சவளே வேணாங்கிற? அப்போ சமம்னு வச்சுக்கிட்டுச் சீட்டுதான் போடணும்," என்று பைக்குள் கையை விட்டார்.  தன் வாயாலேயே எஞ்சினை வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது கொளஞ்சிக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் நிஜாமுதீன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சீட்ட உள்ள வைங்க சார். அக்கா, அல்லா மேல சத்தியமா சொல்றேன், மொத குண்டு நான் சுட்டதே இல்ல."

"பின்ன யாரு சுட்டா?"

"எறும்பு!" முழங்கையை நீட்டிக் காட்டினான். நான்கு இடத்தில் தடித்துச் சிவந்திருந்தது. "நான் இன்னும் குறியே வக்கல. வலப்பக்கம் எவ்ளோ தள்ளலாம்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேன். நறுக்குனு கடிச்சுது பாருங்க, வெரலு தானா இழுத்துடுச்சு. அது போய்க் கலயத்துல பட்டுட்டா நான் இன்னா பண்றது? கையாட்டிட்டேன்."

"யா அல்லா, அந்தச் சாக்கா?" என்று ஹமீதா கன்னத்தில் கை வைத்தாள். "சர்க்கர மூட்ட சாக்குடா அது!"

வரப்பு அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தெய்வசிகாமணிகூட மண் ஒட்டிய சட்டையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நிஜாமுதீன் எழுந்து கூலிங்கிளாஸைக் கழற்றினான். "இப்ப கேளுங்க. உங்களுக்கு ஒரு லக்கு, எனக்கு ஒரு லக்கு. அது ரெண்டும் நேருக்கு நேரு போயிடுச்சு. நான் ஒழுங்கா நோட்டு பாத்து, காத்து பாத்துச் சுட்டது ரெண்டு, ரெண்டும் கோட்டவிட்டாச்சு. நீங்க ஒழுங்கா அடிச்சது ஒண்ணு இருக்குது பாருங்க, அந்த நடுவுல அடிச்சது. ஈர மண்ண வச்சிக்கினு, எம்பது தப்படியில. அந்த மாரி ஒரு அடிய ஷார்ஜால ஏழு வருஷத்துல நான் பாத்ததில்லக்கா. அது ஒண்ணுதான் மிச்சம். எஞ்சின எடுத்துக்கினு போங்க."

கொளஞ்சிக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சின் கிடைத்ததற்காக வந்த அழுகை இல்லை அது. அந்த ஓர் அடியை ஒருத்தன் ஒழுங்காகப் பார்த்திருக்கிறான், பார்த்ததை நாற்பது பேர் எதிரில் சொல்லியும்விட்டான். உப்புக் காற்றுக் கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லித் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்பா தம்பி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த வருஷம் நல்ல சாக்கா கொண்டா."

மறுநாள் காலை டயர் வண்டியில் எஞ்சின் கொளஞ்சியின் பாத்திக்கு வந்து இறங்கியது. பெல்ட் மாட்டி, குழாயை ஓடையில் இறக்கியாயிற்று. முந்தின நாள் கூட்டத்தில் பாதி அன்றைக்கும் வந்து நின்றது. தெய்வசிகாமணி ஹேண்டிலை மாட்டிவிட்டுக் கையில் எச்சில் துப்பிக்கொண்டார்.

"தள்ளிக்கோங்கண்ணே, நான் சுத்துறேன்," என்றாள் கொளஞ்சி.

"வேணாம்மா. மொத நாளு. உன் கை..." என்று இழுத்தார்.

"என் கைக்கு இன்னா? சொல்லுங்க."

அவர் ஹேண்டிலை விட்டுத் தள்ளிக்கொண்டார். கொளஞ்சி ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, வேகம் பிடித்து மூன்றாவது சுற்றில் லிவரைத் தட்டினாள். வழக்கமாகப் பத்து தடவை திட்டு வாங்கினால்தான் முனகுகிற அந்த எஞ்சின் ஒரே மூச்சில் 'டபடபடப' என்று பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை ஒரு கொத்து மேலே போனது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

"பாத்தியா! கொளஞ்சிக்கு ராசி திரும்பிடுச்சு!" என்று வரப்பிலிருந்து ஒரு குரல். "ஆமாமா, கை ராசி!" என்று இன்னொன்று.

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன்டா அது ராசின்னு சொன்னவன்? நாலு நாளா சோறு தண்ணி இல்லாம நாஸிலக் கழட்டிக் கழுவி, ரிங்கு மாத்தி, ஆயில் மாத்தி, நட்டு நட்டா முடுக்கி வச்சது நானு! என் ஒடம்பெல்லாம் கிரீஸு! வந்துட்டானுங்க ராசி கீசின்னு!"

கொளஞ்சி ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"சொல்லுங்கண்ணே. இன்னும் சத்தமா சொல்லுங்க. அஞ்சு வருஷமா நானும் அததான் சொல்லிட்டு இருக்கேன்."

தெய்வசிகாமணி கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தார். எஞ்சினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சடையப்பன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முதல் பாத்தியை நோக்கி நடந்தார். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மடையை வெட்டிவிட்டார்.